பதினேழு ஊக்கு

தயா,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அது வெளியே வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாக வரும். உனக்குப் பதின்மூன்று வயதான வருஷம், சமூக நிலையத்துப் பொங்கல் விழாவில், கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேடையில் என் சேலை அவிழ்ந்து விழுந்தது. அன்றைக்கு நான் செண்பகவல்லி. எங்கள் நாடகக் குழுவில் அந்தக் காலத்தில் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். தப்பித் தவறி வந்தாலும் செயலாளர் மாரிமுத்து பாடிக் காட்டுவான், அடுத்த வாரம் நின்றுவிடுவார்கள். ஆகவே மீசையை எடுத்துவிட்டு, உன் அம்மாவின் சேலையில், மூன்று முழச் சவுரியோடு நான்தான் நாயகி. கணவனிடம் கோபித்துக்கொண்டு விருட்டென்று திரும்ப வேண்டிய கட்டம். நான் திரும்பினேன், சேலை திரும்பவில்லை. உள்ளே பாவாடை கிடையாது. கோடு போட்ட அரைக்கால் சட்டை, அதிலும் ஒரு பொத்தான் இல்லை.

திரைக்குப் பின்னால் போய் நான் அழுதேன் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லித் திரிகிறாள். பொய். அழவில்லை. சபை சிரித்த சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் நான் வாங்கிய முதல் பெரிய சிரிப்பு அது. ஆனால் மாரிமுத்துவுக்குக் கலை மேல் மரியாதை அதிகம். "அண்ணே, இன்னொரு தடவ அவுந்துச்சுன்னா நானே சேல கட்டிக்கிட்டு நிப்பேன்" என்று மிரட்டினான். அவன் உடம்பை நினைத்து எனக்கே பயம் வந்தது. அடுத்த வாரம் வேறு இடத்தில் அதே நாடகம். அன்றைக்குத்தான் நீ இருமல் மிட்டாய் டப்பா ஒன்றில் ஊக்குகளைப் போட்டுக்கொண்டு வந்து என்னைச் சுவரோரம் நிற்கவைத்தாய். கொசுவத்துக்கு ஏழு, தோளுக்கு மூன்று, இடுப்பைச் சுற்றி நான்கு. மிச்சம் மூன்று எங்கே குத்தினாய் என்று கேட்டதற்கு, "அத சொல்ல மாட்டேன். பாத்தா தெரியக் கூடாது" என்றாய். பதினேழு ஊக்கு. "இப்ப ஓடுங்கப்பா" என்றாய். ஓடினேன். "குனிங்க." குனிந்தேன். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இனிமே நீங்க செத்தாத்தான் அவுறும்" என்றாய். நீ உடுத்திவிட்ட முதல் ஆள் நான்தான். பத்திரிகைக்காரர்கள் யாராவது உன்னைக் கேட்டால் இதை மறைக்காதே.

வியாழக்கிழமை நீ சிட்னிக்கு விமானம் ஏறுகிறாய். அங்கே ஒரு கேளிக்கை விடுதியில் பாடகிகளுக்கு உடுத்திவிடும் வேலை, வாரத்தில் இரண்டு நாள் நீயே மேடை ஏறும் ஏற்பாடு என்று உன் அம்மா சொன்னாள். அவள் சொன்ன தோரணையில் நீ ஏதோ தூதராகப் போவது போல் இருந்தது. போவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். நேரில் கேட்கவில்லை. அம்மா வாய் வழியாக வந்தது. "அந்த நாடகத்த இனிமே போட மாட்டேன்னு அப்பா ஒரு வார்த்த சொல்லட்டும். சொன்னா அட்ரஸ் தர்றேன். இல்லன்னா லெட்டரும் வேணாம், போனும் வேணாம்." அவள் அதை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். இந்தக் கடிதம் அதற்கான பதில். பதிலைக் கடைசியில்தான் சொல்வேன். நான் மேடையில் வளர்ந்தவன். முதல் காட்சியிலேயே முடிச்சை அவிழ்த்தால் ஜனங்கள் கச்சான் கடலை வாங்க எழுந்து போய்விடுவார்கள்.

அதற்கு முன் உன் தலைமுடி. தேசிய சேவை என்று பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரே வருஷத்தில் அது தோளைத் தொட்டுவிட்டது. அந்த நாளில் அரசாங்கக் கவுண்டர்களில் ஓர் அறிவிப்பு தொங்கும். நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள். முடி எதுவரை இருக்கலாம் என்று காட்ட ஒரு படமும் உண்டு. அஞ்சலகத்தில் அது என் கவுண்டருக்கு நேர் மேலே. லண்டனில் ஓர் ஆடை வடிவமைப்புப் பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்ப நீ அங்கே வந்தாய். பழுப்பு உறைக்குள் ஆறு மாதம் வரைந்த படங்கள். அன்றைய தபால் பையில் போனால்தான் கடைசி நாளுக்குள் சேரும் என்று முந்தின நாள் சாப்பாட்டின்போது உன் அம்மாவிடம் சொன்னாய். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி மீனில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அப்பா, ரெஜிஸ்டர் போஸ்ட்" என்றாய். நான் தலையை நிமிர்த்தாமல் பேனாவால் மேலே காட்டினேன். "நாலு மொழியில இருக்கு சார். எது வருமோ அதுல படிங்க." வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரித்தால் எனக்குப் போதும் என்பது உனக்குத் தெரியும். "நாலு மணிக்கு பை போயிரும்பா" என்று குரலைத் தாழ்த்தினாய். நான் குரலை உயர்த்தினேன். "இங்க அப்பா யாரும் இல்ல லா. அடுத்த ஆளு." நீ ஒதுங்கி நின்றாய். ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்திக்கு நீயே கதவைத் திறந்துவிட்டாய், அவளும் உனக்கு முன்னால் போனாள். ஒன்றரை மணி நேரம். நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கவுண்டர் காலியானது. "வாங்க சார், உங்க முறை" என்றேன். பை மூட்டை கட்டிப் போய்விட்டது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உறையை நீட்டினாய். நான் முத்திரையை மிக நேர்த்தியாகக் குத்தினேன். என் கால் பக்கத்து இழுப்பறைக்குள் அந்த நேரம் மூன்று முழச் சவுரி சுருண்டு கிடந்தது, அன்று மாலை ஒத்திகைக்கு.

விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாக வந்தது, வருந்துகிறோம் என்று லண்டனிலிருந்து எழுதினார்கள். நீ அதை அம்மாவிடம் காட்டினாய். அவள் என்னிடம் காட்டினாள். நான் கவுண்டர் கதையை மாரிமுத்துவிடம் நடித்துக் காட்டினேன். அவன் கோப்பிக்கடையில் எல்லாரிடமும் சொன்னான். ஒரு வாரத்துக்கு நான் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் யாராவது தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். அப்பன் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டுமல்லவா, இதோ. எவனாவது நாலு பேர் முன்னால் நின்று உனக்குச் சட்டம் சொன்னால், அவன் இழுப்பறையைத் திறந்து பார்.

லண்டன் போகாததால் நீ கெட்டுப்போவாய் என்று நினைத்தேன். அதிலும் என்னை ஏமாற்றிவிட்டாய். ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு துணிக்கடையில் பொம்மைக்குச் சட்டை மாட்டப் போனவன், இரண்டு வருஷத்தில் ஓட்டல்களில் பாடுகிற பெண்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்தாய். பிரதர், இவளுக்குத் தோள் ஏறியிருக்கு, அவளுக்கு இடுப்பு இறங்கியிருக்கு என்று வாத்தியக்காரர்கள் உன்னைத் தேடி நம் பிளாக்குக்கே வந்தார்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "தயாவோட அப்பாவா நீங்க" என்று கேட்டான். அதுவரை நீதான் என் மகன். அன்றிலிருந்து நான் உன் அப்பா. அந்த இறக்கம் எவ்வளவு உயரம் என்று உனக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும். பிறக்காது என்கிறாள் உன் அம்மா. சரி.

பிறகு அந்தக் கோட்டு. ஜாலான் புசார் இரும்புக் கடையில் ஆணி முறுக்குகிற இடத்துக்குப் போடும் பித்தளை வாஷர்களைக் கிலோக் கணக்கில் வாங்கிவந்து, ஒன்றொன்றாகக் கறுப்புத் துணியில் தைத்தாய். மூன்று மாதம் வீட்டில் எங்கே கால் வைத்தாலும் வாஷர். "எந்தக் கப்பலுக்கு லா?" என்று கேட்டேன். நீ ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறாய் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேநீர் நடனம் என்று இளசுகள் ஆடுகிற அந்த நிலவறை டிஸ்கோவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே கண்ணாடியோடு நான் மூன்று நாற்காலியில் இடித்துக்கொண்டேன். இளசுகள் எனக்கு இடம் கொடுத்தார்கள். எவனோ என்னிடம் "அங்கிள், டாய்லெட் அந்தப் பக்கம்" என்றான்.

நீ வந்தாய். உன் அம்மாவின் அரக்குக் கூறைச்சேலை. செண்பகவல்லிக்குப் பத்து வருஷம் கெஞ்சியும் கிடைக்காத சேலை அது, உனக்குக் கொடுத்திருக்கிறாள். அதை நான் பார்த்தே இராத விதமாகச் சுற்றி, மேலே பித்தளைக் கோட்டு. நீ ஒரு வேடிக்கையும் செய்யவில்லை. கோணவில்லை, கண்ணடிக்கவில்லை. மெதுவாக நடந்து வந்து நின்றாய், அவ்வளவுதான். முந்நூறு இளசுகள் வாயை மூடினார்கள். வாஷர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. நானும் சேலையில் நின்றவன் தயா, எனக்குத் தெரியும். என்னைப் பார்த்து ஒருவனும் வாயை மூடியதில்லை. அதை நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த அமைதியில் ஒரே ஒருவன் கெக்கலித்துச் சிரித்தான். பாடகி ஒருத்தி திரும்பிப் பார்த்து முறைத்தாள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியும் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். காது நல்ல காது.

அடுத்து உன் தங்கை வசந்தியின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு மூன்று அக்காக்கள், மூன்று பேரும் கோயில் தர்மகர்த்தாக்கள் மாதிரி நம் வீட்டுக்குச் சட்டம் போட்டார்கள். உன்னைப் பற்றியும் அவர்களுக்கு எட்டியிருந்தது. அவர்கள் உன்னைக் குறித்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பயம். நான் உன்னிடம் வந்து, "நீதான் தங்கச்சிக்கு உடுத்திவிடணும். உன்ன விட்டா யாரு இருக்கா" என்றேன். உன் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு மீதியைச் சொன்னேன். "முடிஞ்சதும் கெளம்பிரு. கோயிலுக்கு வர வேணாம்." நீ, "போட்டோவுக்கு?" என்று கேட்டாய். "போட்டோவுக்குந்தான்."

விடியும் முன்பே வந்து வசந்தியை உட்காரவைத்தாய். அந்தப் பெண்ணுக்கு மூக்கு என் வழி, யார் என்ன செய்ய முடியும். நீ செய்தாய். கண்ணை வரைந்து மூக்கை மறக்கவைத்தாய். கொசுவம் ஒவ்வொன்றும் கத்தி மாதிரி விழுந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நானா?" என்று கேட்டாள். "அழாத. மை கலைஞ்சா மறுபடி போட எனக்கு டைம் இல்ல" என்றாய். பெண்ணை அழைத்துப்போக அந்த மூன்று அக்காக்களும் லிஃப்டில் ஏறுகிறார்கள் என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான். நான் பின்பக்கப் படிக்கட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். எட்டு மாடி. அவர்கள் ஏற, நீ டப்பாவோடு இறங்கினாய். மூத்தவள் வசந்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "யாரு அலங்காரம்? இவ்வளவு நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள். "ஜாலான் புசார்ல ஒரு சீன அம்மா" என்றேன். "கார்டு இருக்கா?" என்று கேட்டாள். "அவங்க கடய மூடிட்டாங்க" என்றேன். வசந்தி அங்கேயே நின்றாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அவளை நீ மன்னித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். என் விஷயத்தில் ஏன் அவ்வளவு கணக்குப் பார்க்கிறாய் என்று கேட்க நினைத்தேன், பிறகு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

இனி அந்த நாடகம். மாரிமுத்து பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வான், நம்பாதே, எண்ணம் என்னுடையது. பெண் பார்க்கப் போகிறான் ஒரு மாப்பிள்ளை. பெண் வீட்டார் அவனையே பெண் என்று நினைத்து உள்ளே அழைத்துப் பூ வைத்து உட்காரவைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. மாப்பிள்ளை நான். உன் அலமாரியிலிருந்து பித்தளைக் கோட்டை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு வேறு பெயர் வைக்கலாம் என்று மாரிமுத்து சொன்னான். "தயான்னே இருக்கட்டும், வாய்க்கு வருது" என்றேன். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. உன் நடையை நடந்தேன். நீ நின்ற மாதிரி நின்றேன், இந்தத் தடவை சபை வாயை மூடவில்லை. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் அறைக்கு வந்து பார்த்தால், கொசுவம் தொங்கிக்கொண்டிருந்தது. நானே அவசரமாகக் குத்தியதில் ஊக்கு வளைந்துவிட்டது. கதவு திறந்தது. நீ.

"திரும்புங்க" என்றாய்.

"எப்ப வந்த?"

"மொத சீன்லயே. ரெண்டாவது பாதியில ஓடுற எடம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நாலு பத்தாது." சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாய். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குத்தினாய். உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே முடி மெலிய ஆரம்பித்திருந்தது, என்னை மாதிரியே. "கோட்டுக் கைய ரொம்பத் தூக்காதீங்க. நூலு விட்டுரும்" என்றாய். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாய். அன்றைக்கு என்ன சொன்னாயோ அதைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ டப்பாவை மூடிக்கொண்டு சபைக்குத் திரும்பிப் போனாய்.

எந்த மனிதனும் அதற்குப் பிறகு மேடைக்குப் போயிருக்கமாட்டான். நான் போனேன். போனதும், எழுதிவைத்த வசனத்தை விட்டுவிட்டு, கொசுவத்தைத் தட்டிக் காட்டிச் சபையிடம் சொன்னேன். "ஊக்கு நல்லா நிக்குதா? நெசத் தயா இப்பத்தான் வந்து குத்திவிட்டுப் போறான். அதோ, பின்னால நிக்கிறான் பாருங்க." மொத்தச் சபையும் நாற்காலியைத் திருப்பியது. அந்தச் சிரிப்பு, தயா. பொங்கல் விழாவில் சேலை விழுந்த அன்று வாங்கியதைவிடப் பெரியது. என் ஆயுளிலேயே பெரியது. நீ கொஞ்ச நேரம் நின்றாய், அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல. பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாய். மறுநாள் கோட்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஜாலான் புசாரில் இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்தனை இடத்தில் அந்த நாடகத்தைப் போட்டோம் என்று மாரிமுத்துவுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் உன் அம்மாதான் ஊக்குக் குத்துவாள். பாதியைச் சேலையில் குத்துவாள், பாதியை என்னில்.

இப்போது பதில். போட மாட்டேன். இது என் வார்த்தை. நேற்றுக்கூட மாரிமுத்து வந்தான். பூன் லேயில் இந்தச் சனிக்கிழமை தீபாவளி விருந்து, தொழிற்பேட்டை ஆட்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், அவர்களுக்கு அந்த நாடகம்தான் வேண்டுமாம். "நோட்டீசுல போட்டுரவா அண்ணே?" என்றான். "வேணாம். பையன் கேட்டுக்கிட்டான்" என்றேன். "அவன்தான் போறானே. சிட்னி வரைக்குமா சிரிப்பு கேக்கும்?" என்றான். "கேக்காது. அதுக்காகத்தான் போட மாட்டேங்கிறேன்" என்றேன். எனக்கே என் வசனம் பிடித்திருந்தது. உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று கேட்காதே, அதுவும் ஆள் மாறாட்டம்தான்.

ஆகவே அட்ரசை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. குளிர் ஊர், மார்பைத் திறந்துபோட்டு நிற்காதே. கைதட்டலை நம்பு, பூங்கொத்தை நம்பாதே. உன்னைப் பார்த்து ஒருவன் மட்டும் சிரித்தால், அவனுக்கு என்ன கிடைக்கவில்லை என்று யோசி. நான் விமான நிலையத்துக்கு வரவில்லை. வந்தால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன், அங்கேயும் வரிசையில் நாலு பேர் இருப்பார்கள்.

உன் அப்பா

ஊறுகாய் வைக்க நீ அம்மாவிடம் விட்டுப்போன பெட்டியைத் திறந்துதான் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். கோட்டுக்கு அடியில் அந்த இருமல் மிட்டாய் டப்பா இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். ஊக்கு சிட்னியில் கிடைக்கும். பூன் லேயில் சனிக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.